கரும்புள்ளியும் காகிதப் பையும்

ஜூன் மாதம் ஜப்பானின் டோட்டோரி மாவட்டத்தில் எந்தப் பேரித் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது காகிதம்தான். தலைக்குச் சற்று மேலே கம்பிப் பந்தல். அதில் இழுத்துப் படர்த்திக் கட்டிய கிளைகள். கிளைகளில் காய் தெரியாது, பைதான் தெரியும். காய்க்கு ஒரு பை வீதம் ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கில் தொங்கும். ஏப்ரல் நடுவில் பூ. மே மாதம் பிஞ்சுக்கு மெழுகு பூசிய சின்னப் பை. ஜூனில் அதன் மேலேயே பெரிய பை. அத்தனையும் கையால் கட்டுவது. அண்ணாந்த கழுத்து இறங்காமல் நாள் முழுக்கக் கட்ட வேண்டும். அந்த வேலைக்குப் போய் வந்தவர்களைச் சாயங்காலம் பேருந்தில் பார்த்தாலே அடையாளம் தெரியும், பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள்.

பூச்சிக்காகப் பை, பறவைக்காகப் பை என்று சுற்றுலா வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தோல் வெளிறி மினுமினுப்பாக வருவதற்கும் பை உதவுகிறது என்பது உண்மை. ஆனால் டோட்டோரியில் பை நிலைத்துப்போனதற்குக் காரணம் ஒரு பூஞ்சை. அந்தப் பூஞ்சையும் எல்லாப் பேரியையும் தொடுவதில்லை. பக்கத்து வரிசையில் நிற்கும் வேறு ரகத்தின் மேல் அதே வித்து விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. இந்த வேறுபாட்டைப் பார்த்துக் குறித்து வைப்பதுதான் என் பிழைப்பு.

என் சொந்த ஊர் கம்பம் பக்கம். வீட்டில் பன்னீர் திராட்சைப் பந்தல். பயிர் நோயியல் படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா சொன்னது, “அடிச்சாம்பல் வராத கொடி ஒண்ணு கண்டுபிடிச்சுக் குடு, போதும்.” கோயம்புத்தூரில் படித்து முடித்து டோட்டோரிப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு மாணவனாகப் போனேன். பட்டம் வாங்கிய பிறகும் அங்கேயே தங்கி, கன்றுகளைச் சோதிப்பதும் தோட்டம் தோட்டமாகப் போய் இலையில் புள்ளி எண்ணுவதுமாகக் காலம் போயிற்று. தோகோ ஏரியைச் சுற்றிய மேட்டு நிலங்களில்தான் பெரும்பாலும் வேலை. டோட்டோரிப் பல்கலைக்கழகத்துக்கு ஏன் போக வேண்டும் என்பது பயிர் நோயியல் படித்தவர்களுக்குத் தெரியும். பூஞ்சை நஞ்சுகளைப் பற்றிய ஆராய்ச்சியில் உலகத்தில் முன்வரிசையில் இருக்கும் இடம் அது. அந்த ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்டது நிஜிஸெய்கி என்ற ஒரே ஒரு பேரி ரகம்.

நிஜிஸெய்கியின் பிறப்பு குப்பை மேட்டில். 1888-ல் டோக்கியோவுக்குக் கிழக்கே மட்சுடோ பகுதியில் மட்சுடோ ககுனொசுகே என்ற 13 வயதுப் பையன், குப்பை கொட்டும் இடத்தில் தானாக முளைத்திருந்த பேரிக் கன்று ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போய் வீட்டுத் தோட்டத்தில் நட்டான். 10 ஆண்டு கழித்து 1898-ல் காய்த்தது. அந்தக் காலத்து ஜப்பானியப் பேரிகள் பழுப்புத் தோலும் நறநறவென்ற சதையுமாக இருந்தன. இதுவோ வெளிர்பச்சைத் தோல், கடித்தால் சாறு ஒழுகுகிறது. புது நூற்றாண்டின் பழம் இதுதான் என்று ‘இருபதாம் நூற்றாண்டு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1904-ல் கிதவாகி எய்ஜி என்பவர் அங்கிருந்து 10 கன்றுகளை டோட்டோரிக்கு வாங்கி வந்தார். இன்றைக்கு அந்த மாவட்டத்தின் பெயரைச் சொன்னால் ஜப்பானியர்களுக்கு மணல்மேடும் பேரியும்தான் நினைவுக்கு வரும். குராயோஷி நகரில் பேரிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் கட்டி, ஒரு முழு நிஜிஸெய்கி மரத்தை வேரோடு உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். போனால் பார்க்காமல் வராதீர்கள்.

பழம் பரவிய வேகத்திலேயே நோயும் பரவியது. கரும்புள்ளி நோய். இளம் இலையில் ஊசிமுனை அளவுக்குக் கறுப்பாகத் தொடங்கும். இலை விரிய விரியப் புள்ளியைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். பிஞ்சில் விழுந்தால் அந்த இடம் இறுகி, காய் பருக்கும்போது வெடித்து, கடைசியில் உதிரும். குளிர்காலத்தில் குச்சியின் புண்ணிலும் கெட்ட மொட்டுகளிலும் ஒளிந்திருந்து, வசந்த மழையில் மறுபடி கிளம்பும். டோட்டோரியின் மழைக்காலம் ஜூனில் தொடங்கி ஜூலை வரை இழுக்கும். 25 டிகிரி வெப்பமும் ஓயாத ஈரமும் சேர்ந்தால் இந்தப் பூஞ்சைக்குத் திருவிழாதான். 1920-களில் நிஜிஸெய்கியையே கைவிட்டுவிடலாமா என்று யோசிக்கும் நிலைக்கு டோட்டோரி விவசாயிகள் வந்துவிட்டார்கள். மெழுகுக் காகிதப் பையும் போர்டோ கலவையும்தான் அந்தச் சாகுபடியைக் காப்பாற்றின. மழைத்துளி காயைத் தொடாவிட்டால் வித்து முளைக்க வழியில்லை. பை செய்வது அவ்வளவுதான்.

இலைக்குப் பை கட்ட முடியாதே! அதற்கு மருந்து. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பாலியாக்ஸின் என்ற மருந்து வந்தது. நல்ல மருந்து. எல்லோரும் அடித்தார்கள், திரும்பத் திரும்ப அடித்தார்கள். 1970-களின் தொடக்கத்திலேயே டோட்டோரித் தோட்டங்களில் அந்த மருந்துக்கு மசியாத பூஞ்சை தலைகாட்டியது. பிறகு வேறொரு மருந்து, அதற்கும் அதே கதி. கம்பத்தில் திராட்சைக்கு மருந்தடித்து வளர்ந்த எனக்கு இதில் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னபோது, “அங்கயும் மருந்துக் கதைதானா?” என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

புதிதாக இருந்தது பக்கத்து மரம். நிஜிஸெய்கிக்கு முன்னால் கோலோச்சிய ரகங்களில் ஒன்று சோஜூரோ. 1890-களில் கவாசாகியில் கிடைத்தது. பழுப்புத் தோல், மணம் அதிகம், சாறு குறைவு. பழைய தோட்டங்களில் மகரந்தத்துக்காக இதை நிஜிஸெய்கிக்கு நடுவே நட்டு வைத்திருப்பார்கள். கிளையோடு கிளை உரசிக்கொண்டு நிற்கும். நிஜிஸெய்கியின் துளிர் முழுக்கக் கரும்புள்ளி விழுந்த வாரத்தில் சோஜூரோவின் இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் ஒரு புள்ளி கிடைக்காது. குறைவாக இருக்கும் என்றில்லை, அறவே இருக்காது. நோய் எண்ணும் தொழிலில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமான காட்சி. வழக்கமாக ரகத்துக்கு ரகம் கூடும், குறையும். ஒன்றில் 60 சதவீதம், இன்னொன்றில் 20 சதவீதம் என்றுதான் தாளில் ஏறும். இப்படி ஒன்றில் வெள்ளம், அடுத்ததில் சுழியம் என்று இருந்தால் உள்ளே வேறு ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

அந்த வேறு ஏதோ என்னவென்று 1933-லேயே ஒருவர் எழுதி வைத்துவிட்டார். கியோட்டோவில் எஸ். தனாகா என்ற நோயியலாளர், பூஞ்சையைத் திரவத்தில் வளர்த்து, பூஞ்சையை வடிகட்டி எடுத்துவிட்டு, வெறும் திரவத்தை மட்டும் பேரியின் மேல் வைத்துப் பார்த்தார். நிஜிஸெய்கி கறுத்தது. எதிர்ப்பு ரகம் அப்படியே இருந்தது. அதாவது, நோயை உண்டாக்கப் பூஞ்சையே தேவையில்லை, அது கக்கும் நஞ்சு போதும். அந்த நஞ்சும் ரகம் பார்த்துத்தான் கொல்லும். இந்தக் கண்டுபிடிப்பை உலகம் அப்போது பெரிதாகக் கவனிக்கவில்லை. 1947-ல் அமெரிக்காவில் ஓட்ஸ் பயிரில் இதே வகையான நஞ்சு ஒன்று தெரிய வந்த பிறகுதான் தனாகாவின் பேரி மறுபடி பேசப்பட்டது. பிற்பாடு நிஷிமுரா, கோமோட்டோ, ஒடானி என்று டோட்டோரியோடு தொடர்புள்ள ஓர் ஆராய்ச்சிப் பரம்பரையே இதன் பின்னால் போயிற்று. நஞ்சின் வேதிக் கட்டமைப்பு 1982-ல் தெளிவானது. ஏகே நஞ்சு என்று பெயர்.

எங்கள் ஆய்வகத்தில் வாரந்தோறும் செய்த சோதனை இதுதான். கொழுந்திலிருந்து கீழே மூன்றாவது நான்காவது இலையாகப் பார்த்துக் கிள்ள வேண்டும். முற்றிய இலை பயன்படாது, எந்த ரகமாக இருந்தாலும் வயதான இலை இந்த நோயிலிருந்து தப்பித்துக்கொள்ளும். ஈரக் காகிதம் விரித்த டப்பாவில் இலையைக் குப்புறப் போட்டு, அடிப்பக்கத்தில் நஞ்சுக் கரைசலில் ஒரு சொட்டு விட்டு, 25 டிகிரியில் ஓர் இரவு வைத்துவிட்டால் காலையில் விடை தயார். நிஜிஸெய்கி இலையில் சொட்டு விழுந்த இடத்திலிருந்து நரம்பு வழியே கறுப்பு ஓடியிருக்கும். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவு நஞ்சே இதற்குப் போதும். சோஜூரோவுக்கு அதைப்போல ஆயிரம் மடங்கு கொடுத்தாலும் இலை பச்சையாகவே கிடக்கும். மாணவர்களுக்கு இதைக் காட்டும்போது நான் விளக்கம் எதுவும் சொல்வதில்லை. இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இன்னொரு சோதனையும் உண்டு, அதைத்தான் நான் அதிகம் ரசித்தேன். இந்தப் பூஞ்சையின் பேரினப் பெயர் ஆல்டர்னேரியா. உலகமெங்கும் காய்ந்த இலையிலும் மண்ணிலும் சாதுவாகக் கிடக்கும் சாதாரணப் பூஞ்சை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் சாதுவையும் பேரிக்கொல்லியையும் பிரித்துச் சொல்ல எந்த நிபுணராலும் முடியாது. இரண்டுக்கும் வித்தியாசம் அந்த நஞ்சு மட்டுமே. சாதுவின் வித்தை எடுத்து, துளி ஏகே நஞ்சோடு கலந்து நிஜிஸெய்கி இலையில் விட்டால், அதுவும் உள்ளே நுழைந்துவிடும்! நஞ்சைச் செய்யும் மரபணுக்கள் பூஞ்சையின் ஒரு சின்னக் குரோமோசோமில் இருக்கின்றன. அது இல்லாமலேயே பூஞ்சை பிழைத்துக்கொள்ளும். பேரியைத் தாக்க மட்டுமே அது தேவை.

‘எதிர்ப்புச் சக்தி’ என்று எழுதும்போதெல்லாம் எனக்குக் கை தயங்குவது இதனால்தான். சோஜூரோவிடம் சக்தி ஒன்றும் கிடையாது. அது போராடவில்லை, நஞ்சை முறிக்கவும் இல்லை. நிஜிஸெய்கியின் செல்லில் அந்த நஞ்சு வந்து பற்றிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது, சோஜூரோவின் செல்லில் அந்த இடம் இல்லை. பூட்டே இல்லாத வீட்டுக்குச் சாவி செய்துகொண்டு வந்து என்ன பயன்? மரபியலும் இதையே சொல்கிறது. இங்கே ஓங்கி நிற்கும் மரபணு நோய் வாங்குகிற மரபணு. எதிர்ப்பு ஒடுங்கியது. கோதுமைத் துருவில் நாம் பாடமாகப் படித்த வழக்கமான கணக்குக்கு நேர்த் தலைகீழ். நிஜிஸெய்கியில் அந்த மரபணு ஒற்றையாக இருப்பதால், அதை எதிர்ப்பு ரகம் ஒன்றோடு கலந்தால் பிறக்கும் கன்றுகளில் பாதி தப்பும், பாதி மாட்டும்.

இருக்கிற ஒன்றை இழந்தாலே தப்பிக்கலாம் என்றால், இழக்க வைக்க முடியுமா? இந்தக் கேள்வியை வைத்துத்தான் கோல்டு நிஜிஸெய்கி வந்தது. இபராகி மாவட்டத்தில் கதிர்வீச்சுப் பயிர் மேம்பாட்டு நிலையத்தில் 100 மீட்டர் ஆரமுள்ள வட்ட வயல் ஒன்று இருந்தது. நடுவில் கோபால்ட்-60, சுற்றிலும் மண் கரை. கதிரை வாங்கிக்கொண்டே மரங்கள் ஆண்டுக்கணக்கில் வளரும். 1962-ல் கோபால்ட்டிலிருந்து 53 மீட்டர் தள்ளி நட்ட நிஜிஸெய்கி மரம் ஒன்றில், 1981-ல் ஒரு கிளை மட்டும் கரும்புள்ளி இல்லாமல் நின்றது. மற்ற கிளைகள் எல்லாம் நோயில். அந்தக் கிளையை ஒட்டுக் கட்டிப் பெருக்கி, 1990-ல் கோல்டு நிஜிஸெய்கி என்று வெளியிட்டார்கள். 19 ஆண்டுகள் ஒரு மரம் கதிர் வாங்கியிருக்கிறது, ஒருவர் அந்த ஒரு கிளையைக் கவனித்திருக்கிறார். பயிர் மேம்பாட்டில் பாதி வேலை இப்படிக் கவனிப்பதுதான். அதன் பிறகு யாரும் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. கதிர் பட்ட குச்சிகளின் இலையைச் சின்ன வட்டமாக வெட்டி நஞ்சில் போட்டு, கறுக்காததைப் பொறுக்கினார்கள். அப்படி ஷின்சூய் ரகத்திலிருந்து 1996-ல் ஒன்றும், ஓசா நிஜிஸெய்கியிலிருந்து 1997-ல் ஒன்றும் வந்தன.

கோல்டு, சோஜூரோ அளவுக்குச் சுத்தமானதல்ல. இதை விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். இலைச் சோதனையில் நிஜிஸெய்கிக்கும் சோஜூரோவுக்கும் நடுவில்தான் நிற்கும். கடும் மழை ஆண்டில், பழைய நிஜிஸெய்கித் தோட்டம் பக்கத்திலேயே இருந்தால், கோல்டிலும் புள்ளி பார்த்திருக்கிறேன். ஆனால் சாகுபடிக்கு அது போதும். ஏரிக்கரையில் ஒரு பெரியவர் தம் தோட்டத்தில் பாதியைக் கோல்டுக்கு மாற்றி, பாதியைப் பழையதாகவே வைத்திருந்தார். மழைக்காலத்தில் பழைய பாதிக்கு வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை மருந்து. கோல்டு பாதியில் கரும்புள்ளிக்கென்று தனியாக அடிக்க வேண்டியது வெகுவாகக் குறைந்துவிட்டது. பிறகு ஏன் பழையதை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பழைய மரத்துப் பழம்தான் ருசி என்று அவர் மனைவி சொல்கிறார் என்றார். அந்த அம்மாவிடம் கேட்டால், அவருக்குத்தான் மரத்தை வெட்ட மனசில்லை என்றார். இரண்டு பழத்தையும் வெட்டி என் முன்னால் வைத்தார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கோல்டு காய்களுக்கும் அவர் பை கட்டத்தான் செய்தார். நோய் போனாலும் வெளிர்பச்சைத் தோல் கேட்கும் சந்தை போகவில்லையே.

இதுவரை படித்தவர்களுக்குக் கரும்புள்ளி இல்லாத ரகமே நல்ல ரகம் என்று தோன்றியிருக்கும். அப்படியானால் கோசூயைப் பார்க்க வேண்டும். 1959-ல் வெளியான ரகம். இன்று ஜப்பானில் அதிகம் பயிராகும் பேரி அதுதான், அடுத்தது ஹோசூய். இரண்டையும் கரும்புள்ளி தொடாது. ஆனால் சொறி நோய் என்று இன்னொரு பூஞ்சை இருக்கிறது, வெஞ்சூரியா நஷிகோலா. கோசூய் அதற்குத் திறந்த வீடு. இலைக்காம்பிலும் அடிநரம்பிலும் அடுப்புக்கரி தடவியதுபோல் கறுப்பு. காயில் வந்தால் தோல் இறுகிப் பிளக்கும். பூ உதிர்ந்த சில வாரங்களில் ஒருமுறை, பிறகு ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை இன்னொரு முறை என்று கோசூய்க் காய் இரண்டு தடவை இதற்கு இளகிக் கொடுக்கும். முதல் கண்டத்தைத் தாண்டிவிட்டோம் என்று விவசாயி மூச்சுவிடும் நேரத்தில் இரண்டாவது வரும். நிஜிஸெய்கிக்கும் சொறி வரும், ஆனால் கோசூய் அளவுக்கு இல்லை.

சொறியோடு மல்லுக்கட்டுவது வேறு வகை வேலை. கரும்புள்ளிக்குக் கோடை மழை வேண்டும், சொறிக்கு வசந்தத்தின் குளிர்ந்த ஈரம் போதும். இலையுதிர் காலத்தில் இலையின் அடியில் மெல்லிய கறுப்பாகப் படிந்து, உதிர்ந்த இலையிலேயே குளிரைக் கழித்து, மார்ச் ஏப்ரலில் வித்தைக் காற்றில் விடும். ஒரு பகுதி மொட்டுச் செதிலுக்குள்ளேயே தங்கி, பூ விரியும்போது காம்படியில் கறுப்பு வளையமாகத் தெரியும். அதனால் டிசம்பரில் தோட்டம் முழுக்க இலை கூட்டி அள்ளிப் புதைக்க வேண்டும், ஏப்ரலில் கறுத்த மொட்டுகளைத் தேடிக் கிள்ள வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் இலை அள்ளாவிட்டால் நீங்கள் அள்ளியதில் பாதி வீண். இலை அள்ளும் பருவத்தில் அண்டை வீட்டாருக்குள் பேச்சு நின்றுபோவதை நான் கண்டிருக்கிறேன். மருந்து? 1980-களில் நல்ல மருந்துகள் வந்தன. அவற்றுக்கும் இப்போது பல இடங்களில் பூஞ்சை பழகிவிட்டது.

இதற்கு எதிர்ப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? கின்ச்சாகு என்ற பழைய உள்ளூர் ரகத்தில். சந்தையில் யாரும் அதைக் கேட்பதில்லை. ஆனால் சொறிப் பூஞ்சையை அதன் இலையில் தூவினால் ஒன்றும் வளராது. இங்கே கணக்கு மறுபடி மாறுகிறது. கின்ச்சாகுவின் எதிர்ப்பு ஓங்கிய ஒற்றை மரபணு, நாம் கோதுமையில் படித்த அதே பழைய வகை. இங்கே மரம் உண்மையிலேயே போராடுகிறது, உள்ளே வந்த பூஞ்சையை வளரவிடாமல் தடுக்கிறது. ஒரே பழ மரம், ஒரே பந்தல், இரண்டு பூஞ்சை. ஒன்றை வெல்ல மரம் ஏதோ ஒன்றை இழந்திருக்க வேண்டும், மற்றதை வெல்ல ஏதோ ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும். கின்ச்சாகுவின் மரபணுவை நல்ல பழத்துக்குள் கொண்டுவரப் பல தலைமுறைக் கலப்பு தேவைப்பட்டது. கரும்புள்ளியையும் சொறியையும் சேர்த்துத் தாங்கும் ஹோகெட்சு என்ற ரகம் இப்போதுதான் வந்திருக்கிறது. ஒற்றை மரபணுவை நம்பிய எதிர்ப்பை ஒருநாள் பூஞ்சை தாண்டிவிடும் என்ற கவலை எனக்கு உண்டு. கோதுமையிலும் காபியிலும் அது நடந்திருக்கிறது. நல்ல ரகம் கிடைத்துவிட்டது என்று இலை அள்ளுவதை நிறுத்தாதீர்கள் என்று கூட்டங்களில் சொல்லுவேன். யாரும் விரும்பிக் கேட்பதில்லை.

ஐரோப்பியப் பேரிக்கு வந்தால் படமே வேறு. அங்கேயும் சொறி உண்டு, ஆனால் அது வெஞ்சூரியா பிரினா என்ற இன்னொரு இனம். நீண்ட காலம் இரண்டையும் ஒன்றென்றே நினைத்திருந்தார்கள். 1964-ல்தான் ஜப்பானியச் சொறியைத் தனி இனமாகப் பிரித்துப் பெயரிட்டார்கள். ஜப்பானியச் சொறி ஐரோப்பியப் பேரியைத் தாக்காது, ஐரோப்பியச் சொறி ஜப்பானியப் பேரியைத் தாக்காது. ஒரே கம்பியில் வில்லியம்ஸ் என்ற ஐரோப்பிய ரகத்தையும் கோசூயையும் கட்டி வைத்தால் அவரவர் சொறி அவரவருக்கு. இத்தாலியின் எமிலியா-ரொமாஞா வட்டாரத்தில் 1970-களில் பழுப்புப் புள்ளி என்று ஒரு நோய் கிளம்பியது. அபாத்தே ஃபெத்தேல், கான்ஃபரன்ஸ் போன்ற விலை போகும் ரகங்கள் படுத்துவிட்டன. வில்லியம்ஸ் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. சொறியில் நிலைமை இதற்கு மாறு. கான்ஃபரன்ஸ் ஓரளவு தாங்கும், வில்லியம்ஸ் எளிதில் மாட்டிக்கொள்ளும். அந்தப் பழுப்புப் புள்ளிப் பூஞ்சை டோட்டோரிக்கு ஆராய்ச்சிக்காக வந்தபோது உள்ளே இருந்தது மறுபடியும் ரகம் பார்க்கும் நஞ்சு. அந்த முடிவு 1999-ல் வெளியானது. இனம் வேறு, நாடு வேறு, பூஞ்சை வேறு, ஆனால் பேரியை வீழ்த்த இரண்டுமே ஒரே தந்திரத்தைக் கையாண்டிருக்கின்றன. எங்கள் துறையில் இன்னும் சரியாக யோசிக்கப்படாத இடம் இது என்பது என் எண்ணம்.

துரு நோயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலையில் ஆரஞ்சுப் புள்ளி, அடியில் மயிர் முளைத்ததுபோல் கொத்து. சந்தையில் ஓடும் ஜப்பானிய ரகங்கள் எல்லாமே அதற்கு மாட்டும், ரகம் மாற்றிப் பயனில்லை. அந்தப் பூஞ்சைக்குப் பேரி பாதி வீடு. மீதிப் பாதி வேலியிலும் பூங்காவிலும் அழகுக்கு நடும் சீன ஜூனிப்பர் மரம். ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் ஜூனிப்பர் இல்லாவிட்டால் துருவும் இல்லை. பேரியிலிருந்து பேரிக்கு அது நேராகத் தாவாது. அதனால் பேரி விளையும் பல ஊர்களில் ஜூனிப்பர் நடக்கூடாது என்று உள்ளாட்சி விதியே போட்டிருக்கிறார்கள். விதி தெரியாமல் வெளியூரிலிருந்து வந்து வீடு கட்டுகிறவர்கள் வேலிக்கு அதையே வாங்கி நடுவார்கள். நாங்கள் போய்க் கதவைத் தட்டிக் குனிந்து வணங்கிக் கேட்டுக்கொள்வோம்.

ஊருக்கு வந்தால் கொடைக்கானலிலிருந்து நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். பழநி மலையிலும் நீலகிரியிலும் பேரி நெடுங்காலமாக இருக்கிறது. நாட்டுப் பேரியோடு கீஃபர் ரகமும் நிற்கிறது. கீஃபர் யாரும் திட்டமிட்டு உண்டாக்கியதல்ல, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பீட்டர் கீஃபர் என்பவரின் நாற்றங்காலில் ஆசியப் பேரியும் ஐரோப்பியப் பேரியும் தானாகக் கலந்து பிறந்தது. இரண்டு பக்கத்து உறவும் அதற்கு இருப்பதால், ஜப்பானில் எழுதிய பட்டியலையோ ஐரோப்பாவில் எழுதிய பட்டியலையோ அப்படியே தூக்கி அதன் மேல் வைக்க முடியாது. நம் மலை மழையில், நம் தோட்டத்தில் எண்ணித்தான் பார்க்க வேண்டும். எண்ணுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மழைக்குப் பின் வாரம் ஒருமுறை, அதே கிளை, அதே எண்ணிக்கை இலை, ஒரு நோட்டு. மூன்று நான்கு பருவம் விடாமல் எழுதினால் எந்த ஆய்வு நிலையமும் உங்கள் நோட்டை வாங்கிப் பார்க்கும்.

கன்று வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ‘நோய் எதிர்ப்பு ரகம்’ என்று நாற்றங்காலில் பலகை தொங்கினால், எந்த நோய்க்கு என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள். அடுத்தது, ஜப்பானிலிருந்து வரும்போது நிஜிஸெய்கி ஒட்டுக்குச்சி நாலு கொண்டு வரச் சொல்லிக் கேட்காதீர்கள். நீண்ட குளிர் கேட்கும் மரம் அது. கொடைக்கானல் குளிரில் ஒழுங்காகப் பூக்காது. அதற்கும் மேலே, அனுமதியும் தனிமைப்படுத்தலும் இல்லாமல் பயிர்க் குச்சியை நாட்டுக்குள் கொண்டு வருவது 2003-ஆம் ஆண்டு பயிர்த் தடுப்புக்காப்பு ஆணைப்படி குற்றம். கரும்புள்ளி குளிர்காலத்தில் தங்குவது குச்சியின் புண்ணில்தான், அந்தப் புண் பல சமயம் கண்ணுக்கே தெரியாது.